ஏறாத பிளகின்

"இன்னும் ஏறலியாமா? ஒம்பது மணிக்கு நான் காரப்பேட்டைக்குக் கிளம்பணும்," என்று அவசரப்படுத்தினார் ராமராஜன்.

"லேப்டாப்புல ஏறுதுப்பா. உங்க போன்லதான் நின்னுடுது," என்றாள் மகள் எஸ்தர். எந்தக் கருவியிலும் பிளகின்களை, அதாவது கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்களை, ஏற்றுவதற்காக அவள் எழுதிய நிரல் லைப்ரரி, அந்தப் பழைய போனில் மட்டும் நான்கு முறை தோற்றிருந்தது.

"புதுசு வாங்கிடலாம்பா."

"இதான்மா எனக்குப் பழக்கம்."

எஸ்தர் ஒரு வரியைத் திருத்தி மீண்டும் ஓட்டினாள். பிளகின் ஏறியது. ராமராஜன் திரையில் எதையோ தட்டச்சு செய்தார். போன் அவர் குரலிலேயே கேட்டது: "நாஷ்டா துன்னியாமா?"

எஸ்தர் உடைந்து அழுதாள். இன்று காரப்பேட்டை மருத்துவமனையில், புற்றுநோய் வந்த அவர் குரல்வளையை எடுத்துவிடுவார்கள். பிறகு அந்தக் குரல் போனில் மட்டும்தான்.

"அழாதமா," என்றார் ராமராஜன், தன் வாயாலேயே.