பக்கத்து வீட்டு டயல் டோன்

மூன்று மாதமாக அவள் பக்கத்து வீட்டுப் போனில் திருட்டுத்தனமாகப் பேசிக்கொண்டிருந்தாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கார்ட்லெஸ் போனை ஜன்னலோரம் பிடித்தால் போதும். பக்கத்து வீட்டு டைப்பிங் டீச்சரின் டயல் டோன் காதில் விழுந்துவிடும்.

அன்றும் தங்கையை அழைத்தாள்.

"இன்னிக்கும் வெளியே பூட்டிட்டுத்தான் போயிருக்கார். ஆறு மணிக்குத்தான் திறப்பார்."

"உங்க வீட்டு போன் லைனைப் பிடுங்கின அத்தான் கார்ட்லெஸ் செட்டை மட்டும் செத்த சாமான்னு விட்டுட்டாரே, அதுவே நம்ம நல்ல நேரம்க்கா. நான் கிளம்பி வரேன்."

"வராதே! உன் நிழல் பட்டாலே என்னைத் தொலைச்சுடுவார்." போனை வைத்தாள்.

மனசு கேட்காமல் மறுபடி எடுத்தபோது லைனில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. டீச்சரும் போன் கடைக்காரரும்.

"என் லைன்ல வேற யாரோ பேசறாங்க."

"உங்க கார்ட்லெஸ் ரொம்பப் பழைய செட்டும்மா. முதல்ல வந்ததுக்குக் காவலே கிடையாது, அதே சானல்ல இருக்கிற எந்த செட்டும் உள்ளே நுழையும். அப்புறம் ரகசிய எண் வெச்சாங்க. இப்ப டிஜிட்டல். தன் ஜோடியைத் தவிர ஒரு ஈ காக்காயை உள்ளே விடாது. மாத்திடலாமா?"

"அது இருக்கட்டும். பேசறது எந்த வீடுன்னு சொல்ல முடியுமா?"

"சுவரை ஒட்டின வீடாத்தான் இருக்கும்."

"அப்படியா? நாளைக்கே இதுக்கு ஒரு முடிவு கட்டிடறேன்."

அவள் சட்டென்று போனை அணைத்தாள். டீச்சர் வந்து இவள் கணவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதுமே! மாலை அவன் வந்து சாப்பிட்டு எழும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவன் பூட்டிக்கொண்டு போன சற்று நேரத்தில் வெளியே காலடிச் சத்தம். கதவிலிருந்த கண்ணாடித் துளை வழியே பார்த்தாள். கையில் தன் கார்ட்லெஸ் போனோடு டீச்சர்; பின்னால் கருவிப் பையோடு ஓர் ஆள்.

புதுசு மாட்ட வந்துவிட்டார்கள். இனி டயல் டோன் இல்லை, தங்கை இல்லை. அவளும் நாலு சுவரும்தான்.

கடைசியாக ஒரே ஒரு தடவை தங்கை குரலைக் கேட்டுவிட வேண்டும். குளியலறைக்கு ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினாள். டயல் டோனுக்குப் பதில் டீச்சரின் குரல் கேட்டது.

"வந்திருக்கிறவர் போன்காரர் இல்லம்மா, பூட்டுக்காரர். கதவை விட்டுத் தள்ளி நில்லு!"