நம்பரைச் சத்தமாச் சொல்லுங்க

"ஏம்மா, நீயும் ஒரு அம்மா வயித்துலதானே பொறந்தே?"

வரிசையில் நின்ற பெரியவர் கேட்டேவிட்டார். கேட்காமல் என்ன செய்வார்? அந்த இளைஞன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான். கவுண்டருக்குள் இருந்தவளோ ஜடம் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

வீட்டுச் சாமான்கள் விற்கும் பெரிய கடை அது. உறுப்பினர் அட்டை கொடுக்கும் கவுண்டர் அவளுடையது. கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கறாரக்கா.

"மேடம், திரும்பவும் சொல்றேன். அம்மாவை ஐசியூல சேத்திருக்கோம். தங்கச்சி எங்ககூடக் கோவிச்சுக்கிட்டுத் தனியாப் போயிட்டா. நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்குறா. நேத்து இந்தக் கடைக்கு வந்திருக்கா. இதோ அவ நம்பர். வீடு எங்க இருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"நம்பர் இருக்குல்ல சார்? கடை போன்ல இருந்து நானே அவங்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிடறேன்."

"ஐயோ, வேணாம்! போன்ல கேட்டா பயந்துடுவா. நேர்ல போய்ப் பக்குவமாச் சொல்லணும்."

"அப்போ என்னால முடியாது சார்."

"அடப் பாவமே! அங்க ஒரு உசுரு ஊசலாடுது, இவளுக்குச் சட்டம் பேசியாகணும்" என்றாள், பின்னால் குக்கரோடு நின்ற ஒருத்தி.

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"ஒரு அட்ரஸ்தானேம்மா? சொல்லி அனுப்பேன்!"

"கூடாது சார். வாடிக்கையாளர் விவரத்தை வேற யாருக்கும் தரக்கூடாதுன்னு பாடத்துலயே இருக்கு."

"எந்தப் பாடத்துல?"

"ஹெட் ஆபீஸ்ல இருந்து கம்ப்யூட்டர்ல அனுப்பினாங்களே சார். எல்லாரோட பாஸ்வேர்டையும் வாங்கி, எல்லாருக்காகவும் நீங்களே படிச்சு முடிச்சுக் குடுத்தீங்களே, அது. நான் மட்டும் பாஸ்வேர்ட் தரல. உக்காந்து படிச்சேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜரின் முகம் சிவந்துவிட்டது. அடுத்தவர் ரகசியத்தை எப்படிக் காப்பது என்று சொல்லித்தரும் பாடத்தை, ஊழியர்களின் பாஸ்வேர்டை வசூல் செய்து ஒரே மூச்சில் முடித்த மகானுபாவர் அவர். அதற்காக மேலிடத்தில் பாராட்டும் வாங்கியிருந்தார்.

"எழுந்திரு! உன்கிட்ட பேசிப் பிரயோஜனமில்ல. நாளைக்கு நீ வேலைக்கு வரணுமா வேணாமான்னு அப்புறம் பேசிக்கலாம். தள்ளு!"

அவள் எழுந்தாள். இந்த வேலை போனால் வேறு வேலை உடனே கிடைத்துவிடுமா என்ன? ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"தப்பு சார். வேணாம் சார்."

மேனேஜர் காதில் வாங்காமல் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். "நீங்க சொல்லுங்க தம்பி."

இளைஞன் எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். திரையில் பெயரும் முகவரியும் வந்தன. படிப்பதற்காக வாயைத் திறந்தவர், திறந்தபடியே உறைந்துபோனார்.

அவருடைய மகளின் பெயர். கீழே அவருடைய வீட்டு முகவரி.

எண்ணைக் கேட்டபோதே தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். இந்தக் காலத்தில் யார் எண்ணை மனப்பாடம் செய்கிறார்கள்? அவர் போனில் அது வெறும் 'பாப்பா'.

அவருக்கு ஒரே பிள்ளை. அவளுக்கு அண்ணன் என்று ஒருவன் கிடையவே கிடையாது. ஐசியூவில் கிடக்க வேண்டிய அம்மாவோ, சற்று முன்புதான் போனில் அவரை அரிசி வாங்கி வரச் சொல்லியிருந்தாள்.

மேனேஜர் மெல்ல நிமிர்ந்து இளைஞனைப் பார்த்தார்.

"கிடைச்சிடுச்சா சார்? எந்தத் தெரு?" இளைஞன் கவுண்டர்மேல் எக்கித் திரையை எட்டிப் பார்த்தான்.

இரண்டு கையாலும் திரையை மறைத்துக்கொண்டு மேனேஜர் கத்தினார். "யாருடா நீ?"

அவ்வளவுதான். அழுகை போன இடம் தெரியவில்லை. குக்கர்காரியைத் தள்ளிவிட்டு ஓடியவன், காவலாளி சுதாரிப்பதற்குள் தெருக்கூட்டத்தில் கலந்துவிட்டான்.

மேனேஜர் ஓரமாகப் போய் மகளைக் கூப்பிட்டார்.

"ஆமாப்பா... நேத்து சாயங்காலத்துல இருந்து ஒருத்தன் ஓயாம போன் பண்றான். வீடு எங்கன்னு கேக்குறான். சொன்னா நீங்க டென்ஷன் ஆவீங்கன்னுதான் சொல்லல."

"உன் நம்பர் அவனுக்கு எப்படிம்மா கிடைச்சுது?"

"உங்க கடையிலதான்பா. பில் போடறப்போ நம்பரைச் சத்தமாச் சொல்லச் சொன்னாங்க. எனக்குப் பின்னாடி நின்னு கேட்டானாம். அவனே சொல்லிச் சிரிக்கிறான்பா."

அவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். வாடிக்கையாளர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், பில் போடுகிறவரும் அதைத் திருப்பிச் சத்தமாகச் சொல்ல வேண்டும், ஒரு எண்கூடப் பிசகக்கூடாது என்று சட்டம் போட்டதே அவர்தான். அப்போதும் பில் கவுண்டரில் யாரோ ஒரு பெண் தன் எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க! யாரும் நம்பர் கேக்காதீங்க!" என்று அலறினார். கடையே திரும்பிப் பார்த்தது.

பிறகு கறாரக்காவிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"தாயே, என் குடும்பத்தையே காப்பாத்திட்டே! அது என் பொண்ணுன்னு தெரிஞ்சும் நாலு பேர் முன்னாடி சொல்லாம, அத்தனை திட்டையும் வாங்கிக்கிட்டு நின்னியேம்மா!"

அவள் அதிர்ந்துபோனாள்.

"உங்க பொண்ணா? எனக்குத் தெரியாதே சார்! நான் அந்த நம்பரை அடிச்சுக்கூடப் பாக்கல. யாரு பெத்த பொண்ணோன்னுதான் நெனச்சேன்."