சண்டைக்கு முன்னே கட்டிய கொசுவலை

சாயங்கால ஜெபம் முடிந்ததும் ரோசிலி கணவனை வீட்டைவிட்டு வெளியே தள்ளினாள். சர்ச் பெருநாள் கழிந்து இது இருபதாவது நாள், இருபதாவது தடவை.

"மீன்குழம்புல குடம்புளி கூடிப்போச்சுன்னா சொன்னீங்க மனுஷா? போங்க, வெளியே போய்ப் படுங்க."

லோனப்பன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

சாலக்குடி ஆறு தெருவுக்குள் வந்து போனபிறகு, பதினாலு வீடுகளைப் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்த கொத்தனார் அவர். பெருநாளுக்குப் புனிதரின் அம்பை ஏந்திய ஊர்வலம் வாசலுக்கு வரும்போது வீடு மினுங்க வேண்டும் என்று ஆளாளுக்கு நெருக்கினார்கள். பதினாலும் மினுங்கின. கடைசியாகப் பூசிய அவர் வீடும் மினுங்கியது.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குத் தன் வீட்டில் படுக்க இடமில்லை என்றால் தெரு பொறுக்குமா? பஞ்சாயத்து மெம்பர் பங்கஜாட்சி வந்துவிட்டாள்.

"ரோசிலிச் சேச்சி, இது நல்லா இருக்கா? முந்தாநாள் அவர் என்ன தப்பு பண்ணினார்?"

"மத்தியானத் தூக்கத்துல குறட்டை விட்டார்."

"நேத்து?"

"குறட்டை விடலை. நான் பயந்துட்டேன்."

மெம்பர் பெருமூச்சு விட்டபடி கட்டிலைப் பார்த்தாள். கொசுவலை நாலு மூலையும் இழுத்து, முடிச்சுப் போட்டு, ஒழுங்காகக் கட்டியிருந்தது.

"சண்டை இப்பத்தானே நடந்தது? வலையை எப்போ கட்டினீங்க?"

"நாலு மணிக்கு" என்ற ரோசிலி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, நீங்களாவது உள்ளே சுகமாப் படுக்கறீங்க."

"நான் எங்கே உள்ளே படுக்கறேன்? இவர் மூஞ்சியில முழிக்கக்கூடாதுன்னு பின்னால விறகுக் கொட்டகையில படுத்துக்கறேன்."

"அப்போ வீட்டுக்குள்ளே யாரு?"

"யாருமில்லை."

மெம்பருக்குத் தலை சுற்றியது. ரோசிலி அவளைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய் ரகசியம் சொன்னாள். ரோசிலியின் ரகசியம் எப்போதும் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"உள்ளே படுத்தா மனுஷன் விடியவிடிய மூச்சை இழுக்கறார் மெம்பரே. வெளியே படுத்தா ஒண்ணுமில்லை. வெள்ளம் குடிச்ச சுவர் காயறதுக்குள்ள பூசி மூடிட்டாராம். பெயின்ட்டுக்கு அடியில பூஞ்சை பிடிச்சு, அந்தக் காத்துதான் நெஞ்சுல இறங்குதாம். டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார். இதை அவர்கிட்ட எப்படிச் சொல்ல? உங்க பூச்சே உங்க மூச்சை அடைக்குதுன்னா? அதுக்கு நான் ராட்சசின்னு பேர் வாங்கிட்டுப் போறேன்."

மெம்பர் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வீட்டையும் அவர்தானே பூசினார்! சின்னவனுக்கு டிசம்பர்லேர்ந்து இருமல். பனின்னு நினைச்சு ஜன்னலை எல்லாம் சாத்தி வெச்சிருக்கேன்."

வாசலில் உட்கார்ந்திருந்த லோனப்பன் காதிலும் அத்தனையும் விழுந்தது.

அன்றைக்கு டாக்டரின் அறையில் நடுவில் ஒரு திரைதான் இருந்தது. அந்தப் பக்கம் சட்டை மாட்டிக்கொண்டிருந்த அவருக்கு எல்லாமே கேட்டிருந்தது. அதன் பிறகுதான் குழம்பில் குறை கண்டுபிடித்தும், குறட்டை விட்டும், விடாமலும் தினம் அவள் சண்டைக்கு வழி பண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ரோசிலியின் மனம் நோகக்கூடாது, அதற்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லியும் வந்தார்.

அப்படியென்றால், மற்ற பதினாலு வீட்டிலும் வாயைத் திறக்காமல் இருந்தது யார் மனம் நோகக்கூடாது என்று?

எழுந்து உள்ளே போனார். இருமிக்கொண்டே சுத்தியலும் உளியுமாக வெளியே வந்தார்.

"சுத்தியலைத் தூக்கிட்டு எங்கே மனுஷா கிளம்பிட்டீங்க?"

"முதல்ல மெம்பர் வீடு. அப்புறம் பாக்கிப் பதிமூணு வீடு. பூச்சைக் கொத்தி எடுத்துச் சுவர் காயறவரைக்கும் எல்லாரையும் வெளியே தள்ளணும்."

இரண்டடி நடந்தவர் நின்று திரும்பினார்.

"நீயும் வா ரோசிலி. சண்டையை ஆரம்பிக்க எனக்கு வராது."