சப்பை முனை

"பயந்து ஓடினா வாழ்க்கை முழுக்க ஓடிக்கிட்டேதான் இருக்கணும். கண்ணால பாத்தவ சொல்றேன்."

தேர்வு அதிகாரி பேச ஆரம்பித்தாள். எதிரே பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் நாற்பது பேர். கல்லூரிப் படிப்புக்கு யார் தயார் என்று பார்க்கும் புதிய தேர்வு. இந்தப் பள்ளியில்தான் வெள்ளோட்டம்.

அவள் படித்த பள்ளி. அதே அறை. மின்விசிறிகூட அதே மாதிரி மூன்று சுற்றுக்கு ஒரு தரம் முனகியது.

"இருபத்தேழு வருஷம் முன்னால, இதே அறையில, இதே மாதிரி ஒரு வெள்ளோட்டம். தேறினா காலேஜ்ல இலவச சீட்டு. ஆனா வந்தது நாற்பது தாள்தான். முதல்ல வர்ற நாற்பது பேருக்குத்தான் இடம்னுட்டாங்க. நான் அன்னிக்குப் பாத்து லேட்."

"அச்சச்சோ" என்றது ஒரு குரல்.

"மணி அடிச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சு மூச்சு வாங்க வந்து நிக்கறேன். ஒரு நாற்காலி காலி! தாள் பிரிக்காம கிடக்கு, பென்சில்கூட இருக்கு. யாரோடது தெரியுமா? எங்க கிளாஸ்ல எப்பவும் முதல் மார்க் வாங்கறவன். கம்ப்யூட்டர்னுதான் கூப்பிடுவோம். வயித்து வலின்னு சொல்லி எழுந்து போயிட்டானாம். வயித்து வலியாவது ஒண்ணாவது, பயம். அடுத்த வருஷம் எழுதிக்கலாம்னு நினைச்சிருப்பான். அந்தத் தேர்வு வெள்ளோட்டத்தோடயே நின்னு போச்சு. நான் உக்காந்தேன், எழுதினேன், இன்னிக்கு உங்க முன்னால நிக்கறேன்."

"அவர் இப்ப என்ன பண்றார் மேடம்?"

அவள் பார்வை கடைசி வரிசைக்குப் போய்த் திரும்பியது.

"தெரியலை."

கடைசி வரிசையில் ஆய்வக உதவியாளர் பென்சில் கொடுத்துக்கொண்டிருந்தார். காலையில் வாசலிலேயே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவர் "வணக்கம் மேடம்" என்றார். அவளும் மேடமாகவே இருந்துவிட்டாள்.

"லேப் அண்ணே, இது மொக்கையா இருக்கு." ஒரு பெண் பென்சிலைத் தூக்கிக் காட்டினாள். "இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு பென்சில் சீவத் தெரியலையா?"

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார்.

"வேணும்னுதான் சப்பையாச் சீவியிருக்கேன், தாயே. கூர் முனையால விடைத்தாள் வட்டத்தை நிரப்பணும்னா பத்துத் தடவை கிறுக்கணும். இதுல ரெண்டே இழுப்பு. வட்டத்துக்கு அஞ்சு செகண்டு மிச்சம்னா நூறு கேள்விக்கு எவ்வளவு?"

அந்தப் பெண் விரல் விட்டு எண்ணுவதற்குள் அவரே சொன்னார்.

"எட்டு நிமிஷம் இருபது செகண்டு. கடைசிக் கணக்குக்கு வெச்சுக்கோ."

அதிகாரி கையிலிருந்த தாள்கட்டை மெல்ல மேசைமேல் வைத்தாள்.

அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் கைக்கு வந்த பென்சிலும் இப்படித்தான் இருந்தது. மொக்கைப் பென்சில் என்று முகம் சுளித்தாள். ஆனாலும் மணி அடிப்பதற்குள் நூறு வட்டத்தையும் நிரப்பியிருந்தாள். தன் வேகம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

ஓடிப்போகிறவன் இவ்வளவு பொறுமையாகப் பென்சில் சீவிக்கொண்டு வருவானா?

மணி அடித்தது. நாற்பது தலைகள் குனிந்தன. அதிகாரி கடைசி வரிசைப் பக்கம் நடந்து, ஜன்னலோரம் நின்றிருந்தவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"வயித்து வலி இப்ப எப்படி இருக்கு?"

"அது அன்னிக்கு சாயங்காலமே சரியாப் போச்சு மேடம்."

"மேடம் எல்லாம் வேண்டாம். ஏன் எழுந்து போன?"

அவர் வெளியே பார்த்தார். மைதானமும் அதற்கு அந்தப் பக்கம் வாசல் கேட்டும் தெரிந்தன.

"என் இடம் இந்த ஜன்னலோரம்தானே? செயின் கழண்ட சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நீ ஓடி வந்துக்கிட்டிருந்த."