இன்னொரு எண்பது

"இன்னொரு எண்பது எடுத்துப் பாருங்க மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

டியூப்காரரின் குரல் பரிசோதனை அறையின் கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே கேட்டது. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு அப்போதுதான் வந்த ஸ்டோர்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. பதினெட்டு வருஷத்தில் அந்த அறையில் அவர் பார்க்காத கெஞ்சலா?

கேஸ் அடுப்பு செய்யும் தொழிற்சாலை அது. அடுப்புக்கான ரப்பர் டியூப்களை வெளியே வாங்குவார்கள். ஆயிரத்து இருநூறு டியூப் வந்தால் அத்தனையையும் சோதித்துக்கொண்டிருக்க முடியாது. எண்பதை மட்டும் உருவி எடுத்து, காற்றேற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்ப்பார் பரிசோதகர் அம்மா. ஒரே ஒரு டியூப் குமிழ் விட்டாலும் போதும், மொத்தச் சரக்குக்கும் சிவப்புச் சீட்டு. வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். குமிழே வராவிட்டால் பச்சைச் சீட்டு.

லோடு இறக்குகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் தொட்டியம்மா. முதலாளியின் மைத்துனர் அனுப்பிய சரக்கையே திருப்பி அனுப்பியவர். ஸ்டோர்காரருக்கு அவர்மேல் கொள்ளை மரியாதை. வீட்டில் அவர் புகழைப் பாடி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

இன்று என்னவோ டியூப்காரரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. இந்த வருஷம் ஏற்கெனவே இரண்டு சிவப்புச் சீட்டு வாங்கியவர். மூன்றாவது விழுந்தால் சப்ளையர் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அவருடைய பட்டறைக்கு இந்தத் தொழிற்சாலையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அங்கே வேலை செய்கிற பதினோரு பேரில் இரண்டு பேர் அவருடைய சொந்தத் தம்பிகள்.

மேஜையில், ஸ்டேப்ளருக்கு அடியில், எழுதி முடித்த சீட்டு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. எல்லாச் சீட்டுக்கும் பின்பக்கம் வெள்ளைதான். நிறத்தைத் திருப்பிப் பார்க்க வேறு வேண்டுமா என்று பெருமூச்சு விட்டார் ஸ்டோர்காரர்.

"ஒரு லாட்டுக்கு ஒரு சோதனைதான் சார்," என்றார் தொட்டியம்மா. "நமக்கு வேணுங்கிற பதில் வர்ற வரைக்கும் எடுத்துக்கிட்டே இருந்தா, அதுக்குப் பேர் சோதனை இல்ல."

"இது இப்படியே போயிடுச்சுன்னா நான் எப்படி மேடம் தூங்குவேன்?"

"நீங்க சொல்றதை என்னால எழுத முடியாது சார். தொட்டி சொல்றதைத்தான் எழுத முடியும்."

ஸ்டோர்காரர் மனசுக்குள் கைதட்டினார். கைதட்டி முடிப்பதற்குள் டியூப்காரர் தன் துணிப்பைக்குள் கையை விட்டார். கவர் கிவர் நீட்டப்போகிறாரோ என்று ஸ்டோர்காரருக்குப் பகீரென்றது. நல்லவேளை, பையிலிருந்து வந்தது ஒரு டியூப்தான்.

தொட்டியம்மா அதை வாங்கித் தொட்டியில் அமுக்கினார். அவருடைய முதுகு மறைத்ததில் வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நிமிர்ந்தபோது அவர் முகம் இளகியிருந்தது. தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார், டியூப்காரர் விரல்விட்டு எண்ணி ஏதோ சொன்னார். கதவு திறந்தது.

"அண்ணே, முப்பத்தொண்ணாம் பெட்டியிலேருந்து நாப்பது வரைக்கும் உள்ள கொண்டாங்க."

பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது ஸ்டோர்காரருக்கு மனசே சரியில்லை. இவ்வளவுதானா தொட்டியம்மா? நல்ல டியூப் ஒன்றைக் காட்டி ஆளைக் கரைத்துவிட்டாரே. தானே கைகாட்டும் பெட்டிக்குள் எந்த சப்ளையராவது கெட்ட சரக்கை வைத்திருப்பாரா? ஆனாலும் பத்தாவது பெட்டியை இறக்குவதற்குள் அவருடைய கோபமும் ஆறிவிட்டது. பதினோரு பேர் பிழைப்பு. போகட்டும், குமிழ் வராமல் இருந்தால் சரி என்று அவரும் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

இருபது. நாற்பது. தண்ணீர் அசையவில்லை. ஐம்பதைத் தாண்டியதும் டியூப்காரர் வேர்வையைத் துடைக்கக்கூட மறந்துவிட்டார். அறுபத்தாறும் நன்றாகவே போயிற்று.

அறுபத்தேழாவது டியூபின் கழுத்தருகே கடுகளவு குமிழ் ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது. தொட்டியம்மா விரலால் தட்டிவிட்டார். அது மேலே போனது. அதே இடத்தில் இன்னொன்று முளைத்தது.

டியூப்காரர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தொட்டியம்மா புதிதாக ஒரு சிவப்புச் சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"விடுங்க ஐயா," என்று ஸ்டோர்காரர் டியூப்காரரின் தோளைத் தொட்டார். "நேரம் சரியில்ல, அவ்வளவுதான்."

டியூப்காரர் கண்ணைத் திறந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"மாட்டிச்சே தம்பி, அது போதும். அந்தப் பத்துப் பெட்டிக்குப் போட்டது போக பட்டறையில மிச்சம் வச்சிருந்ததுல ஒண்ணு இன்னைக்குக் காலையிலதான் குமிழ் விட்டுச்சு. பதறிப்போய் ஓடியாந்தேன். யார் வீட்டு அடுப்புக்குப் போயிருக்குமோ."

ஸ்டோர்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தொட்டியம்மா நீட்டிய சிவப்புச் சீட்டை வாங்கிப் படித்தார். 'குறையைக் கண்டுபிடித்தவர்' என்ற இடத்தில், வழக்கமாகத் தன் பெயரை எழுதுகிறவர், இன்று 'சப்ளையர்' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

பிறகு ஸ்டேப்ளருக்கு அடியில் கிடந்த பழைய சீட்டை உருவி, நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். விழுந்த துண்டுகள் நாலும் பச்சை நிறம்.