நீலக் கை

“எந்தப் பட்டறையில கைய நனைச்சே?”

மருதம்மாளின் முழங்கைக்குக் கீழே நீலம் திட்டுத் திட்டாக இருந்தது. பார்த்ததும் தீனதயாளனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நொய்யலில் கலக்கும் சாயக் கழிவைப் பரிசோதிக்க, அவருடைய சங்கத்துக்கு ஆற்றுத் தண்ணீர் எடுத்துவருகிறவள் அவள்.

“நம்ம வேலைய உட்டுட்டு அவனுங்க சாயப்பட்டறைக்கே கூலிக்குப் போறியா?”

“இல்லீங்க சாமி.”

“கையே சொல்லுதே! நிதி குடுக்கறவங்க இப்ப வந்துருவாங்க. தேச்சுக் கழுவிட்டு வா. நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்.”

சோப்பை எடுத்து வீசினார். அவள் அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

நிதி தருகிறவர்களின் படிவத்தில் ஒரே ஒரு கேள்வி பாக்கி இருந்தது. ‘ஆற்றுப் பணியில் உங்கள் பெண் ஊழியர்களுக்கு அடி, மிரட்டல் உண்டா?’

“ஆத்துத் தண்ணிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று முணுமுணுத்தபடி ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மருதம்மாள் திரும்பி வந்தாள். நீலம் அப்படியே இருந்தது.

“ஏன், சோப்பு பத்தலையா?”

“சாயம்னா போயிருக்குமுங்க சாமி.” முந்தானைக்குள்ளிருந்து தண்ணீர் நிறைந்த பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். “பட்டறை ஆளுங்க கைய முறுக்கி இதைப் புடுங்கப் பாத்தாங்க. நான் உடலீங்க.”

தீனதயாளன் ‘இல்லை’யை அடித்தார். எழுந்து, தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“உக்காரு கண்ணு. நீ சொல்லு, நான் எழுதறேன்.”