மூன்றாம் மாடிக்குப் போன தண்ணீர்ப் பெட்டி

"தொடங்கிட்டார் சீமான்" என்றார் சூசைதாசன்.

படிக்கட்டில் விசில் சத்தம். ஜேர்மனியின் வுப்பர்டாலில் சனிக்கிழமை மழை தவறினாலும் தவறும், மூன்றாம் மாடி சில்வெஸ்டர் விசிலடித்துக்கொண்டு தண்ணீர்ப் போத்தல் பெட்டியோடு ஏறி வருவது தவறாது.

லிஃப்ட் இல்லாத கட்டடம். முதலாம் மாடியில் இருக்கிற சூசைதாசன், தன் வீட்டு வாசலுக்கு ஏறவே நடுவில் நின்று மூச்சு எடுக்கவேண்டும். பழைய இரத்தக்கட்டிகள் நுரையீரல் குழாய்களை அடைத்து இறுகிவிட்டன. அங்கே அழுத்தம் ஏறி, இருதயம் தள்ள முடியாமல் திணறுகிறது.

சில்வெஸ்டருக்கும் அதே வருத்தம்தான். வயிற்றெரிச்சலே அதுதான்.

"என்ன ஐசே சூசை, சுகமே?" திறந்திருந்த கதவால் தலையை நீட்டினார் சில்வெஸ்டர். கையில் பெட்டி. மேலே மழைச்சட்டையைப் போட்டு மூடியிருந்தார்.

"இருக்கிறன் அண்ணை."

"என்னைப் பார். வெட்டி எடுத்தாப் பிறகு குதிரை மாதிரி. நீ பயந்துகொண்டே கிட!"

மேலே போனார். படி திரும்பி ஆள் மறைந்ததும் விசிலும் நின்றது.

"எங்களுக்குக் காட்டியாச்சு, இனி ஏன் விசில்!" என்று முணுமுணுத்தார் சூசைதாசன்.

"ஒப்பரேசன் செய்த மனுசன் எப்பிடிப் போறார் பாத்தீங்களே?" என்றாள் மனைவி பிரபாலினி.

"அந்தாளுக்கே புட்டவிச்சுக் குடன்."

"குடுத்தாலும் பிழையில்லை."

சூசைதாசனுக்கு டொக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். கட்டிகள் பெரிய குழாய்களில், கத்தி எட்டுகிற இடத்தில் இருக்கின்றன. வெட்டி எடுத்துவிடலாம். எல்லோருக்கும் இந்த வாய்ப்புக் கிடைக்காது. விட்டால் இருதயம் தாங்காது.

ஆனால் உடம்பைக் குளிராக்கி, கொஞ்ச நேரம் இரத்த ஓட்டத்தையே நிறுத்தித்தான் செய்வார்களாம். அதைக் கேட்டதும் சூசைதாசனுக்குக் குளிசை மாத்திரையே போதும் என்றாகிவிட்டது. ஒப்பரேசனுக்கு நாள் குறித்துக் கொடுத்த டேர்மினை எல்லாம் ஏதாவது சாட்டுச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தார்.

இதற்குள் சில்வெஸ்டர் மாதாமாதம் மகளைப் பார்க்கவென்று மியூனிக்குக்கு வேறு போய் வந்தார்.

"எனக்கு முன்கடைக்குப் போக ஏலாது. அந்தாளுக்கு மியூனிக் கேக்குது!"

அடுத்த சனிக்கிழமை சில்வெஸ்டர் வாசலில் நின்று கேட்டார்: "ஐசே, உங்கட தண்ணிப் பெட்டியையும் நானே கொண்டுவந்து வைக்கட்டே? பிரபாலினி பாவம், தனியத் தூக்கிறா."

சூசைதாசன் கதவை அடித்துச் சாத்தினார்.

"அந்த டேர்மினை எடு" என்றார் மனைவியிடம். "செத்தாலும் பரவாயில்லை. என்ர வீட்டுப் பெட்டியை உந்தாள் தூக்கிக்கொண்டு வாறதைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாது."

பிரபாலினி மறுபக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள்.

ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. மூச்சு என்றால் இதுதானா என்று இருந்தது சூசைதாசனுக்கு. பாரம் தூக்கலாம் என்று டொக்டர் சொல்லும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

சொன்ன வாரமே, சனிக்கிழமை, விசில் வாசலைத் தாண்டி மேலே போனது. சூசைதாசன் நிறைந்த பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறினார். இன்றைக்கு முந்திக்காட்டவேண்டும்.

படி திரும்பினார்.

சில்வெஸ்டர் யன்னல் ஓரமாகக் குந்தியிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது.

"அண்ணை!"

தன் பெட்டியை வைத்துவிட்டு, வழியில் கிடந்த அவருடைய பெட்டியைத் தூக்கினார் சூசைதாசன். அது பஞ்சு மாதிரி மேலே வந்தது. மழைச்சட்டை சரிந்து விழுந்தது. உள்ளே அத்தனையும் வெறும் பிளாஸ்டிக் போத்தல்.

"கண்டிட்டியே?" சில்வெஸ்டர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "பாரமெண்டால் உன்ர வாசல் மட்டும்கூட வந்திருக்க மாட்டன். இதுக்கே கீழ நிண்டு மூச்செடுத்துப்போட்டுத்தான் வாறனான்."

"அப்ப உங்கட ஒப்பரேசன்?"

"எனக்கு ஏலாதெண்டிட்டாங்கள். கட்டியெல்லாம் கத்தி எட்டாத நுனிக் குழாயளுக்குள்ள. மாதத்துக்கொருக்கா ஆசுப்பத்திரிக்குப் போய்ப் பலூன் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமா விரிப்பிச்சுக்கொண்டு வாறன்."

"மியூனிக்?"

"அவளைக் கண்டு எத்தினை வருசம்!"

சூசைதாசன் பக்கத்தில் குந்தினார். "நான்தான் செய்து முடிச்சிட்டனே அண்ணை. பிறகும் ஏன் உந்தப் பெட்டி?"

"விட்டால் நீ கதிரையில குந்திடுவாய். நடக்கவேணுமே."

சூசைதாசன் விழுந்த மழைச்சட்டையை எடுத்துப் பெட்டியை மறுபடி மூடினார்.

"நீ பயத்தில மாட்டனெண்டு நிக்கிறாய் எண்டு பிரபாலினி வந்து அழுதா" என்றார் சில்வெஸ்டர். "எனக்குத் தரமாட்டனெண்டதை உனக்குக் கூப்பிட்டுக் குடுக்கிறாங்கள், நீ வேண்டாமெண்டுறாய். அண்டைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை."

நீல உதட்டோடு சிரித்தார்.

"நீ என்னில பட்டதெல்லாம் ஒரு பொறாமையே, ஐசே?"